ஆடலும் பாடலும் கற்பிப்பார் யார்?

ஆவடி என்னும் பெயரைக் கேட்டதும் அரசியலார்க்கு 1955ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு சனவரித் திங்களில் அங்குக் கூடிய பேராயக் கட்சியின் மாநாடு, நிகரமைப் போக்கிலான குமுகாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றியது. படைத்துறையார்க்கு 1961ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டில் நிறுவப்பெற்ற கனவகை ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதற் கவச ஊர்தி வெளிவந்தது. தீர்மானமும் கவச ஊர்தியுமே ஆவடியின் வரலாறு என்று பாடநூல் எழுதுவோர் நிறுத்திக்கொள்வர்.

இவ்விரண்டிற்கும் பன்னூறாண்டு முன்பே, ஆவடியை ஒட்டிக் கிடக்கும் திருமுல்லைவாயிலுக்கு வேறொரு வரலாறு வாய்த்தது. கண்ணொளி இழந்த சுந்தரர் அவ்வூருக்கு வந்து பாடினார் என்று சேக்கிழார் கூறுவார். அப் பதிகத்தின் பண் தக்கேசி. இறைவனை நம்புவாரும் நம்பாதாரும் ஒப்ப மதிக்கத்தக்க செல்வம் அப் பண். ஆனால் இன்று அவ்வூர்த் தெருக்களில் பள்ளிப் பை சுமந்து செல்லும் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்குத் தக்கேசி என்பது ஒரு பண்ணின் பெயர் என்று தெரியும்? தெரியாமை பிள்ளைகளின் குற்றமன்று. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆளை உருவாக்கும் கல்வி இந்நாட்டில் முழுமையாக வகுக்கப்பெறவில்லை. அரைகுறையாக வகுக்கப்பெற்ற கல்வியை அரும்பாடுபட்டு முடித்து வந்தவர்க்கும் பள்ளியில் ஓர் இருக்கை போடப்பெறவில்லை.

2022ஆம் ஆண்டு தொட்டுத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பெற்றது. பாட்டு, ஆட்டம், நாடகம், நாட்டுப்புறக் கலைகள் எனப் பல பிரிவுகளில் பிள்ளைகள் போட்டியிட்டனர். இது வரவேற்கத்தக்க முயற்சியே. (மலையாள நாட்டில் பள்ளிக் கலைவிழா 1957இலேயே தொடங்கிவிட்டது என்பதையும், முத்தமிழ் முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கிய நாட்டுக்கு அறுபத்தைந்து ஆண்டு பின்தங்கித்தான் அவ்வெண்ணம் வந்தது என்பதையும் நினைத்து நாணுவது தனி.) ஆயினும் விழாவுக்கு முன்னுள்ள கேள்வி ஒன்று விடப்பட்டது. மேடையேறும் பிள்ளைக்குப் பாடமும் தாளமும் கற்பித்தவர் யார்? கணக்காசிரியர் பள்ளி முடிந்தபின் நின்று ஆட்டம் பழக்குகின்றார். தமிழாசிரியை நாடகம் எழுதித் தாமே இயக்குகின்றார். இவர்தம் ஆர்வத்தைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. இவரும் இல்லாத பள்ளியில் திரைப்பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அதில் கண்ட அசைவுகளைப் பிள்ளைகள் தாமே படியெடுக்கின்றனர். வேதியியல் கற்பிக்க வரலாற்றாசிரியரை அனுப்பினால் பெற்றோர் கொதித்தெழுவர். கூத்துக் கற்பிக்க யாரை அனுப்பினாலும் பொறுத்துக்கொள்ளும் மனநிலை எப்படி வந்தது?

இனி, இத் துறைக்குள் புக விரும்பும் ஓர் இளம்பெண்ணின் வழியை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்துநராக உழைக்கும் ஒருவரின் மகள், பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், பள்ளியில் இசை கற்பிக்கும் ஆசிரியை ஆவதே தன் வாழ்வின் நோக்கம் என்கின்றாள் என வைத்துக்கொள்வோர்க்கு, அவள் முன் கிடக்கும் முட்கள் புலப்படும். வணிகவியலோ கணிப்பொறியியலோ படிப்பதாயின் வீட்டருகிலேயே கல்லூரிகள் உண்டு. இசை படிக்க வேண்டின், தொடர்வண்டியேறி நடுவண் நிலையத்தில் இறங்கி, பறக்கும் தொடரிக்கு மாறி, அடையாற்றங்கரையில் உள்ள அரசு இசைக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். 1949இல் முசிறி சுப்பிரமணியரை முதல் முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்ற கல்லூரி அது. அங்கே மூன்றாண்டுக் 'கலைமணி'ப் பட்டயமும், அதன்மேல் ஓராண்டு இசையாசிரியர் பயிற்சியும், பட்டப்படிப்பும் உள்ளன. இவற்றுள் பட்டம் தேர்ந்தால் அவள் பட்டதாரி. பட்டதாரி ஆசிரியர் என்று சொல்லப்படுவாரோடு அவளும் நிகர் என்று கருதினால் அது பிழையான கணக்கு.

வரலாறு படித்தவர் கல்வியியற் பட்டத்தில் வரலாறு கற்பிக்கும் முறையைப் பயில்வர். இயற்பியல் படித்தவர் இயற்பியல் கற்பிக்கும் முறையைப் பயில்வர். இசை கற்பிக்கும் முறை, கூத்துக் கற்பிக்கும் முறை என்பன கல்வியியற் கல்லூரிகளின் வழக்கமான பாடப் பட்டியலில் தலைகாட்டுவதில்லை. நடுவண் ஆசிரியர் கல்விக் குழு 2014இல் வகுத்த நெறிமுறைக்குப் பின்னர், கல்வியியல் பயிலும் அனைவர்க்கும் 'கல்வியில் நாடகமும் கலையும்' என்றொரு சிறு தாள் வந்தது. கணக்காசிரியரும் வகுப்பில் கொஞ்சம் நடித்துக் காட்டலாம் என்னும் அளவில் அது நன்று. உப்புத் தொட்டுக் காட்டியதைச் சோறு என்று எவரும் சொல்லார்.

பழைய நடைமுறை இதனினும் இரங்கத்தக்கது. ஓவியம், தையல், இசை ஆகிய துறைகட்கு அரசின் கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளை முடித்தவர், தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் பெறக் கோடை விடுமுறையில் நாற்பத்திரண்டு நாள் பயிற்சி பெற வேண்டும். நாற்பத்திரண்டு நாள்! வாழை குலை தள்ளவும் அதனினும் கூடுதல் நாள் வேண்டும். குரல் உடையும் பருவத்துச் சிறுவனை எந்தச் சுருதியில் பாடவிடுவது, அஞ்சி ஒடுங்கும் பிள்ளையை அரங்கில் எப்படி வாய்திறக்கச் செய்வது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரையும் விட்டுவிடாமல் தாளம் பழக்குவது எங்ஙனம், காது கேளாத பிள்ளையை ஆட்டத்தில் சேர்ப்பது எப்படி என்பன நாற்பத்திரண்டு நாளில் அடங்கும் செய்திகளா? நன்றாகப் பாடத் தெரிந்தவர் எல்லாரும் நன்றாகப் பாடக் கற்பிக்க அறிந்தவராகார். கச்சேரி மேடை வேறு, ஆறாம் வகுப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து வகுக்கப்படும் மேற்பட்டக் கல்வியே ஈண்டு வேண்டப்படுவது.

படிப்பு இந்த நிலையில் இருக்க, பணியின் நிலை என்ன? 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு அழைப்பு விடுத்தது. மொத்த இடங்கள் 1325. உடற்கல்வி, ஓவியம், தையல், இசை என்னும் நான்கு பிரிவுகளில் இசைக்குக் கிடைத்தவை 86. ஆடலுக்கு ஒன்றும் இல்லை. நாடகத்துக்கு ஒன்றும் இல்லை. இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்த இனத்தின் பள்ளியில், முதலாவது ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டாவதற்கு எண்பத்தாறு இடம். மூன்றாவதற்குப் பெயரே இல்லை.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், 2012இல், 16,549 பேர் பகுதிநேர ஆசிரியராகப் பள்ளிகளில் அமர்த்தப்பெற்றனர். உடற்கல்வி, கலைக்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்கான இவர்க்குக் கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை. திங்களூதியம் 5,000 உருவா. அது 10,000 உருவாவைத் தொட 2021 ஆயிற்று. மே மாதத்துக்கு ஊதியமே இல்லை என்னும் ஓலம் ஆண்டுதோறும் எழுந்தது. வயிறு மேயில் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை என்பதை ஆட்சியாளர் அறியாரா? நிலைப்பணி தருவதாகத் தேர்தல் அறிக்கைகளில் எழுதிய கட்சிகள், கோட்டைக்குள் நுழைந்தபின் நிதிநிலையைக் காட்டின. இந்த ஊதியத்தை நம்பி எந்தப் பெற்றோர் தம் மகளை நான்காண்டு இசை படிக்க அனுப்புவர்? கலையாசிரியர் பணியை இரவலாக்கி வைத்துவிட்டுக் கலைக்கு ஆள் வரவில்லை என்று வருந்துவது, வேரில் வெந்நீர் ஊற்றிவிட்டுப் பூக்கவில்லை என்று மரத்தைக் கடிவதைப் போன்றது.

இதே ஆவடியில் நடுவணரசின் பள்ளிகள் உள்ளன. கேந்திரிய வித்தியாலயம் என்று வடமொழிப் பெயர் பூண்ட அவை, தொழிற்சாலைப் பணியாளர், படைத்துறையினர் பிள்ளைகட்காக நடப்பவை. அவற்றில் தொடக்கநிலை இசையாசிரியர் என்றொரு முழுநேரப் பணியிடம் உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா முழுமைக்கும் அப் பணிக்கு 303 இடங்கள் அறிவிக்கப்பெற்றன. அதற்கு வேண்டிய தகுதிகள் மூன்று. மேனிலைக் கல்வியில் ஐம்பது விழுக்காடு, இசையில் இளங்கலைப் பட்டம், ஆங்கிலத்திலும் இந்தியிலும் கற்பிக்கும் திறன். மூன்றாவது தகுதியைப் படிப்போர் சினம் கொள்வது இயல்பே. ஆவடி மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, ஆவடி மண்ணில் பிறந்த ஆசிரியை, தக்கேசிப் பண்ணைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ் தகுதியாகாது, இந்தி வேண்டும்! ஏழிசையையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தன் சொல்லால் பெயரிட்டு வழங்கிய மொழிக்கு அதன் வீட்டு வாயிலிலேயே இந்த மதிப்பு.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. மொழியில் இழைக்கும் தீங்கு ஒருபுறம் இருக்க, இசையாசிரியர் என்பவர் பட்டம் பெற்றவராகவும் முழுநேரப் பணியாளராகவும் இருத்தல் வேண்டும் என்பதை நடுவணரசுப் பள்ளி ஒப்புக்கொண்டது. தமிழின் பெயரால் ஆட்சிக்கு வந்தோர் நடத்திய பள்ளிகளோ கிழமைக்கு மூன்று அரைநாளுக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியைக் கண்டிக்கும் வாய்க்கு இதனையும் கண்டிக்கும் கடமை உண்டு.

கலையாசிரியர்க்குத் தகுதி வகுப்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவார் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவள் ஆடலை விரித்துச் சொல்லுமுன் இளங்கோவடிகள் அவள் ஆசிரியர்களை ஒருவர்பின் ஒருவராக நிறுத்தி அவர்தம் தகுதியை எடுத்துரைக்கின்றார். ஆடலாசிரியன் இருவகைக் கூத்தும் அறிந்தவன். ஆடலையும் பாடலையும் கொட்டையும் ஒன்றோடொன்று பொருத்தத் தெரிந்தவன். இசையாசிரியனுக்கு யாழும் குழலும் தண்ணுமையும் தெரிந்திருத்தலோடு, பாட்டெழுதிய புலவன் கருத்தை உணர்ந்து இசையமைக்கும் அறிவும் வேண்டும். அடுத்து வரும் புலவன், தமிழ் முழுதும் அறிந்தவன் எனத் தமிழகம் ஒப்புக்கொண்டவனாதல் வேண்டும். தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனப் பட்டியல் நீள்கின்றது. அதன் பின்னரே அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்னும் அளவுகள் வருகின்றன. ஆசிரியர் முதலில், மேடை பின்னர் என்பது அவ்வமைப்பில் விளங்கும். இற்றைய அரசு மேடையை முதலில் போட்டுவிட்டு ஆசிரியரை மறந்தது.

அக் காதையில் வேறொரு நுட்பமும் உண்டு. ஆடல் வல்லான் ஒருவனே போதும் என்று இளங்கோ விடவில்லை. மொழியறிவும் இசையறிவும் கருவியறிவும் கூடிய கூட்டுக் கல்வியை அவர் காட்டுகின்றார். கலையாசிரியர்க்கான மேற்பட்டப் படிப்பு ஒன்று தமிழில் வகுக்கப்படுமாயின் அதன் பாடத்திட்டத்துக்கு வேற்று நாடுகளில் முன்மாதிரி தேடி அலைய வேண்டுவதில்லை.

பாடத்திட்டத்தின் மொழி பற்றியும் பேசியாதல் வேண்டும். 1931இல் சென்னை இசை மன்றமான 'மியூசிக் அகாதமி' இசையாசிரியர் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. பள்ளிகட்கு இசையாசிரியர் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்த செயல் அது. அதற்கு ஈராண்டு முன்னர், 1929இல், அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசைக்காக மாநாடு கூடியபோது எதிர்ப்புக்குரல் எழுந்த இடங்களுள் அந்த இசை மன்றமும் ஒன்று. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917இலும், விபுலானந்தரின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன. இத்தனை நடந்தும், இசை பயிலும் மாணவி தெலுங்குக் கீர்த்தனையைப் பொருளறியாமல் நெட்டுருச் செய்வதும், தமிழ்ப் பாட்டைத் 'துக்கடா' என்று நிகழ்ச்சியின் வாலில் கட்டுவதும் முற்றும் ஒழியவில்லை. திருவாரூர் மூவர்க்கு முன்னரே சீர்காழி மூவர் இருந்தனர் என்பதையும், முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் பாடினர் என்பதையும் அவள் அடிக்குறிப்பாகவே அறிகின்றாள். தெலுங்குப் பாட்டின்மேல் வெறுப்புக் கொள்ள வேண்டுவதில்லை. தியாகையர் தம் தாய்மொழியில் பாடினார், அது முறை. அவரைப் போற்றுவார் அந்த முறையை அவரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். பொருள் தெரியாத பாட்டைக் கற்ற ஆசிரியை, பொருள் தெரியாத பாட்டையே ஆறாம் வகுப்புக்கும் கொண்டுசெல்வாள். அங்கே பிள்ளை உதட்டை அசைக்கும், உள்ளம் அசையாது.

நாடகத்தின் கதை இன்னும் குறுகியது. பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் யாத்தார். சங்கரதாசு அடிகள் 1918இல் மதுரையில் சிறுவர் நாடக அவை அமைத்து, தாமே பாட்டெழுதி, தாமே இசை பயிற்றி, தாமே நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். தி.க. சண்முகமும் அவர் உடன்பிறந்தாரும் அப் பள்ளியில் வார்க்கப்பட்டவர்களே. 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுசம் முதலானோர் முயற்சியால் எழுபது நாள் நாடகப் பயிலரங்கு நடந்தது. தமிழ்நாட்டு இற்றை நாடக இயக்கத்தின் ஊற்றுக்கண்களுள் அஃதொன்று. 1981இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை வந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாசு அடிகள் பெயரையே சூட்டியது. 2013இல் தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே எழுந்தது. படிக்க இடம் அறவே இல்லை என்று இனிச் சொல்லவியலாது. நாடகத்தில் முதுகலை முடித்த இளைஞன் எங்கே செல்வது என்பதற்குத்தான் விடையில்லை. பள்ளிக் கல்வித்துறையின் பணிப்பட்டியலில் நாடக ஆசிரியர் என்னும் சொல் இல்லாதவரை, அவன் திரைத்துறையார் வாயிலில் நிற்பான்.

கடலுக்கு அப்பால் ஈழத்தில் இதே மொழி பேசும் மக்கள் இதற்கு வேறு வழி கண்டனர். அங்கே 'நாடகமும் அரங்கியலும்' என்பது பள்ளிப் பாடம். பொதுத்தேர்வில் மாணவர் அதனை எடுத்துத் தேர்வெழுதலாம். உயர்தரத்தில் அதனையே பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகம் புகலாம். பாடம் இருப்பதால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுதலால் பட்டம் வேண்டும். பட்டம் பெற்றவர்க்கு இடமும் உண்டு. சக்கரம் முழுமையாகச் சுழல்கின்றது. இதற்கு அடிகோலிய நிகழ்வுகளுள் ஒன்று, 1970களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்க்கென நடத்திய பட்டப்பின் நாடகப் பட்டயம். பட்டம் பெற்று வகுப்பறையில் நின்றுகொண்டிருந்த ஆசிரியர்களே அதில் சேர்ந்து நாடகம் கற்றனர். அவருள் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். படித்துத் திரும்பிய அவர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். 1985இல் அரங்கேறிய 'மண் சுமந்த மேனியர்' அவர் எழுதியது. 2025 சனவரியில் அவர் மறையும் வரை, பள்ளிப் பிள்ளைகட்காக நாடகம் எழுதியும் ஆசிரியரைப் பழக்கியும் வந்தார். ஓர் ஆசிரியர்க்குத் தக்க காலத்தில் கிடைத்த மேற்பட்டக் கல்வி ஒரு தலைமுறையின் அரங்கையே உருவாக்க வல்லது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுமா?

இசைக்கும் அங்கே இடம் உண்டு. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைப் பட்டம் வழங்கலாயிற்று. மட்டக்களப்பில் விபுலானந்தர் பெயரால் அழகியற் கற்கை நிறுவனம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மாணவர் ஆடச் செய்தார். அவற்றில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அடுத்த தலைமுறையைப் பழக்கினார். போரும் எரியும் ஊரும் சூழ்ந்த நிலையிலும் ஈழத்தார் விடாது காத்த ஒன்றை, போர் காணாத தமிழ்நாடு தொடங்கவே இல்லை.

பட்டம் பட்டம் என்று பேசுங்கால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பட்டம் இல்லாத பெரும்புலமையை அது வெளியே தள்ளிவிடக் கூடாது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் எந்தப் பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதினார்? சென்னைக் கூத்துப்பட்டறையின் நடிகர்க்குக் கூத்து அடவு பழக்கியவர் அவர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராசகோபாலும் அவர்தம் துணைவியார் ஃகன்னா தெ புரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002 முதல் 2020 வரை பிள்ளைகட்குப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஓரிடத்திலேயே கற்பித்தது. சிற்றூர்ப் பெண்பிள்ளைகளும் அங்கே வேடம் கட்டினர். அத்தகைய ஆசான் ஒருவர் ஆவடி மாநகராட்சிப் பள்ளிக்கு வந்து கற்பிக்க முன்வந்தால், விண்ணப்பப் படிவத்தின் இரண்டாம் பத்தியிலேயே அவர் தோற்றுவிடுவார். கல்வித்தகுதி என்னும் கட்டத்தில் எழுத அவரிடம் ஒன்றும் இராது.

இதில் சாதியின் கையும் இருக்கின்றது. பறையறைந்தவனை ஊர்க்கோடியில் நிறுத்திய குமுகாயம், அவன் பேரனைப் பறையறையக் கற்பிக்கும் ஆசிரியனாக நாற்காலியில் அமர்த்தத் தயங்குகின்றது. அதே பறை கலைத் திருவிழா மேடையில் முழங்கினால் கைதட்டிப் பரிசு கொடுக்கின்றது. பறை வேண்டும், பறையறைந்த கை வேண்டா என்பது எவ்வகை அறம்? பட்டம் பெற்ற கல்வியாளர் ஒருவரும் வழிவழிக் கலைஞர் ஒருவரும் இணைந்து கற்பிக்கும் முறையே ஈண்டுப் பொருந்தும். முன்னவர் பிள்ளையின் உளநிலையையும் பாட அளவையும் அறிவார். பின்னவர் கலையை அறிவார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்பர். மேற்பட்டப் படிப்பிலேயே ஒரு பருவம் கூத்தரோடும் கணியரோடும் நாகசுரக் கலைஞரோடும் தங்கிப் பயிலும் கடப்பாடு இருத்தல் வேண்டும்.

நிதி எங்கே என்று கேட்பார் உண்டு. தேர்வு மதிப்பெண்ணுக்கு உதவாத பாடத்துக்குக் காலம் எங்கே என்று கேட்பாரும் உண்டு. பின்னவர் கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கின்றது. பொதுத்தேர்வில் எண்ணப்படாத பாடத்தைப் பள்ளித் தலைமையாசிரியர் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன்கொடுத்து விடுகின்றார். கொடுத்த கடன் திரும்புவதில்லை. அதனால்தான் ஈழத்தைப்போல் தேர்வுப் பாடமாக்கல் வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. மதிப்பெண் இட்டால் கலை சாகும் என்று அஞ்சுவார்க்கு, மதிப்பெண் இடாத இடத்தில் கலை பிறக்கவே இல்லை என்பதே விடை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவும் இசை, ஆடல், ஓவியம், நாடகம் நான்கும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாதல் வேண்டும் என்றுதான் கூறியது. தில்லி எழுதிய தாள்களுள் தமிழர்க்குக் கேடானவை பல. கேடற்ற இதனையும் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளவில்லை. நிதி பற்றிக் கேட்பார்க்கு, ஆண்டுதோறும் விழாவுக்கும் பரிசுக்கும் பயணத்துக்கும் செலவிட முடிந்த அரசு, ஆசிரியர் ஊதியத்துக்கு மட்டும் கையை விரித்தது ஏன் என்று கேட்டல் தகும்.

செய்யத்தக்கது கண்ணெதிரே இருக்கின்றது. 2014ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே நிகழ்கலைக் கல்விக்கென இரண்டாண்டுப் பட்டயம் ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. ஆவடியிலிருந்து அதே தொடர்வண்டித் தடத்தில் செவ்வாப்பேட்டைக்கு அருகே திரூரில் திருவள்ளூர் மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் இருக்கின்றது. கட்டடம் எழுப்ப வேண்டா. அங்கே தமிழ்வழியில் நிகழ்கலைப் பட்டயத்தைத் தொடங்கலாம். இசையிலும் நாடகத்திலும் பட்டம் முடித்து வருவோர்க்கு அதனையடுத்து மேற்பட்டக் கல்வியியலை ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் இசைப் பல்கலைக்கழகமும் கூடி வகுக்கலாம். பட்டப்படிப்புக்கு உரிய கலைச்சொற்கள் யாழ்நூலிலும் கருணாமிர்த சாகரத்திலும் அடுக்கிக் கிடக்கின்றன. எடுத்துத் தொகுக்க ஈராண்டு போதும். பயிற்சிப் பள்ளிகளாக ஆவடி மாநகராட்சி எல்லையில் உள்ள அரசுப் பள்ளிகளையே கொள்ளலாம். தொழிலாளர் பிள்ளைகளும், வடபுலத்திலிருந்து வேலைதேடி வந்தார் பிள்ளைகளும், படைத்துறையார் பிள்ளைகளும் கலந்து வாழும் ஊர் அது. தமிழே தெரியாமல் வந்து சேரும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கப் பாட்டினும் கூத்தினும் எளிய வாயில் உண்டா என்பதை அங்கேயே ஆய்ந்து பார்க்கலாம்.

இவற்றோடு அரசாணை ஒன்றும் வேண்டும். நடுநிலைப் பள்ளி தொடங்கி ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் இசையாசிரியரும், உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆடல் அல்லது நாடக ஆசிரியரும் முழுநேர நிலைப்பணியினராக இருத்தல் வேண்டும் என்பதும், 2012 முதல் அரைநாள் கூலிக்கு உழைத்தவருள் தகுதியுடையார் அவ்விடங்களில் முதற்கண் அமர்த்தப்பெற வேண்டும் என்பதும், பத்தாண்டு மேடையேறிய கூத்தர்க்குப் பட்டமின்மை தடையாகாது என்பதும் அவ்வாணையில் எழுதப்பெற வேண்டியவை. முதல் ஆண்டில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மட்டும் அதனைச் செயற்படுத்தினும் போதும். திருமுல்லைவாயிற் பள்ளி அம் மாவட்டத்தில்தான் இருக்கின்றது.